ஆட்டிசம், வளர்ச்சித் தாமதம்: செட்டிநாட்டுப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், திருப்பத்தூர், பொன்னமராவதி பக்கத்துப் பெற்றோர்கள் சிறப்பு ஆசிரியரான என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மருத்துவரைப் பார்ப்பதற்கு இது மாற்று இல்லை. ஆனால் எந்த வாசலைத் தட்டுவது, வீட்டில் என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு வருஷம் வீணாவதை இது தடுத்தால் போதும்.

பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது, பேச்சு வரவில்லை. "இவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்" என்கிறார் அப்பத்தா. பொறுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். அப்பத்தா சொல்வது உண்மையாகவே இருக்கலாம். தாமதமாகப் பேசி நன்றாக வளர்ந்தவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. ஆனால் உங்கள் பிள்ளையும் அப்படித்தானா என்பது பரிசோதித்தால்தான் தெரியும். ஒன்றுமில்லை என்று தெரிந்தால் ஒரு நாள் அலைச்சலோடு முடிந்தது. ஏதோ இருக்கிறது என்றால், மூளை வேகமாக வளரும் வயதிலேயே பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.

பேச்சை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும், மழலையாக ஏதாவது சத்தம் போட வேண்டும். ஒன்றரை வயதுக்குள் வேண்டியதை விரல் நீட்டிக் காட்ட வேண்டும். ஆகாயத்தில் விமானம் போனால் "அங்கே பார்" என்பதுபோல உங்கள் முகத்தையும் விமானத்தையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல் சேர்த்துச் சொல்ல வேண்டும். உடல் வளர்ச்சியில், ஒன்பது மாதத்தில் பிடிக்காமல் உட்காரவும் ஒன்றரை வயதில் நடக்கவும் வேண்டும். இதில் எதிலாவது பின்தங்கினால் காட்டுங்கள். பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டாலோ, சிரித்துப் பழகியவன் ஒதுங்கிவிட்டாலோ, எந்த வயதாக இருந்தாலும் அந்த வாரமே காட்ட வேண்டும்.

முதலில் காது. கூப்பிட்டால் திரும்பாததற்குக் காது கேளாமையும் காரணமாக இருக்கும். பாத்திரத்தைத் தட்டிப் பார்த்து "கேட்கிறது" என்று முடிவு செய்யாதீர்கள். 'பெரா' என்ற பரிசோதனை இருக்கிறது. பிள்ளை தூங்கும்போது தலையில் சிறு கம்பிகளை ஒட்டி எடுப்பார்கள், வலிக்காது.

ஆட்டிசம் வேறு, வளர்ச்சித் தாமதம் வேறா?

வேறுதான், ஆனால் ஒரே பிள்ளைக்கு இரண்டும் இருக்கலாம். உட்கார்வது, நடப்பது, பேசுவது, புரிந்துகொள்வது எனப் பல துறைகளில் வயதுக்குப் பின்தங்கியிருந்தால் வளர்ச்சித் தாமதம் என்பார்கள். பொதுவாக ஐந்து வயதுக்குக் கீழ் இந்தப் பெயரைப் பயன்படுத்துகிறார்கள். ஆட்டிசத்தில் முக்கியமான வித்தியாசம் மற்றவர்களோடு உறவாடும் விதத்தில் இருக்கும். அதோடு ஒரே செயலைத் திரும்பச் செய்வது, சின்ன மாற்றத்தையும் தாங்க முடியாமல் போவது, சில சத்தங்களுக்குக் காதைப் பொத்துவது, சில துணிகளைப் போட மறுப்பது எல்லாம் சேர்ந்து வரும். 2021-ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. உங்கள் தெருவில் நீங்கள் தனி ஆள் என்று தோன்றினாலும், அடுத்த ஊரில் இன்னொரு வீடு நிச்சயம் இருக்கிறது.

அரசு விண்ணப்பங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று போட்டிருந்தால் அது ஆட்டிசத்தைத்தான் குறிக்கிறது. குழம்ப வேண்டாம்.

இது யாரால் வந்தது? மாசமாக இருந்தபோது நான் வேலைக்குப் போனதாலா?

இல்லை அம்மா. இந்தக் கேள்விக்கு என் பதில் எப்போதும் இவ்வளவு உறுதியாகத்தான் இருக்கும்.

அம்மாவின் அன்பு போதாததால் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் மேல்நாட்டு மருத்துவர்களே சொன்னார்கள். அந்தக் கருத்து 1960-களிலேயே ஆட்டம் கண்டு, பிறகு முழுக்கக் கைவிடப்பட்டது. நம் வீடுகளில் மட்டும் அது வேறு வேறு வடிவத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது: "அவள் பிள்ளையோடு பேசுவதே இல்லை", "கிரகணத்தில் வெளியே வந்தாள்", "ஜாதகத்தில் இருந்தது." இவற்றில் எதற்கும் ஆதாரம் இல்லை. ஆட்டிசத்துக்கு மரபணுக்களின் பங்கு மிகப் பெரியது. அதை அப்பா பக்கம், அம்மா பக்கம் என்று பிரித்துக் குற்றம் சாட்டவும் முடியாது.

தடுப்பூசியும் காரணம் இல்லை. 1998-இல் 'லான்செட்' இதழில் வந்த கட்டுரை ஒன்றுதான் அந்தப் பயத்தைக் கிளப்பியது. 2010-இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பயந்துகொண்டு அடுத்த பிள்ளைக்கு ஊசியை நிறுத்தினால் தட்டம்மைதான் வரும்.

சொந்தத்தில் திருமணம் பற்றியும் கேட்கிறார்கள். மாமன் மகள், அத்தை மகன் கல்யாணத்தில் சில மரபு நோய்களும் அறிவுசார் குறைபாடும் வரும் வாய்ப்பு கூடுவது உண்மை. அடுத்த பிள்ளைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால் மரபணு ஆலோசனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் நடந்து முடிந்த கல்யாணத்தைப் பற்றிய தீர்ப்பாக அதைச் சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொண்டிருப்பதால் இருக்கும் பிள்ளைக்கு எந்த நன்மையும் இல்லை.

முதலில் எங்கே காட்டுவது? மதுரைக்குத்தான் போக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் மருத்துவக் குழு வருவதைப் பார்த்திருப்பீர்கள். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் குழு அது. பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைப் பிறந்ததிலிருந்து 18 வயது வரை பரிசோதிப்பது அவர்கள் வேலை. அங்கன்வாடி ஆசிரியரிடம் சொல்லி வைத்தால் குழு வரும் நாளில் உங்களைக் கூப்பிடுவார். அந்தக் குழு பிள்ளையை மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்பும். டி.இ.ஐ.சி. என்று கேட்டால் மருத்துவமனையில் எல்லோருக்கும் தெரியும். குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட், உளவியலாளர், சிறப்பு ஆசிரியர் ஆகியோரை ஒரே கூரையின் கீழ் வைக்க வேண்டும் என்பதே இந்த மையங்களின் நோக்கம். சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. நடைமுறையில் எல்லாப் பதவியும் எல்லா நாளும் நிரம்பியிருக்காது. அதனால் பேச்சுப் பயிற்சியாளர் எந்த நாளில் வருகிறார் என்று போனில் கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. செட்டிநாடு என்று நாம் ஒன்றாகச் சொன்னாலும் அரசுக் கணக்கில் அது இரண்டு மாவட்டம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் எல்லாம் சிவகங்கை. ராயவரம், கோனாபட்டு, பொன்னமராவதி பக்கம் புதுக்கோட்டை. சிகிச்சைக்கு எங்கே வேண்டுமானாலும் போகலாம். உதவித்தொகைக்கும் மற்ற விண்ணப்பங்களுக்கும் உங்கள் ஆதாரில் உள்ள மாவட்டத்துக்குத்தான் போக வேண்டும். காரைக்குடியில் வாடகைக்கு இருந்துகொண்டு ஆதாரில் பொன்னமராவதி முகவரி வைத்திருப்பவர்கள் முதலில் அதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

சந்தேகம் தீராத பிள்ளைகளுக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. பல குறைபாடுகள் சேர்ந்து இருந்தால் சென்னை முட்டுக்காட்டில் ஒன்றிய அரசின் தேசிய நிறுவனமும் உண்டு. பல்வகைக் குறைபாடு உடையோருக்காகவே 2005-இல் தொடங்கப்பட்டது அது. ஒரு முறை போய் முழு மதிப்பீடு செய்து, வீட்டுப் பயிற்சித் திட்டம் வாங்கி வருவதற்கு நல்ல இடம். வாராவாரம் போவதற்கு உள்ளூர்தான் சரி. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்விக்கும் மறுவாழ்வு அறிவியலுக்கும் தனித் துறையே இருக்கிறது. சிறப்பு ஆசிரியர்களை உருவாக்கும் துறை அது. வீட்டுக்குப் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியர் யாராவது இருக்கிறாரா என்று அங்கே விசாரிக்கலாம்.

தனியார் மையம் என்றால் ஒரே ஒரு கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள்: "உங்கள் ஆர்.சி.ஐ. பதிவு எண் என்ன?" சிறப்பு ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மூவருக்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு கட்டாயம். எண்ணைச் சொல்லத் தயங்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

டாக்டர் இன்னும் ஆட்டிசம் என்று உறுதியாகச் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். அதுவரை?

பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள். சீட்டில் என்ன பெயர் எழுதினாலும், பேச்சு வராத பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி வேண்டும், உட்காராத பிள்ளைக்குப் பிசியோதெரபி வேண்டும். பயிற்சி தொடங்க நோயின் பெயர் தேவையில்லை.

வாரத்துக்கு ஒரு நாள், முக்கால் மணி நேரம்தான் தெரபி கிடைக்கிறது. அது போதுமா?

அது மட்டும் போதாது. ஆனால் நீங்கள் நினைப்பதுபோல நிலைமை மோசமும் இல்லை. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஒரு ஆய்வு நடந்தது. சிறப்பு மருத்துவர்கள் இல்லாமல், பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்களே வீட்டுக்குப் போய், பிள்ளையோடு எப்படி விளையாடுவது என்று பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு ஏற்ப பதில் கொடுப்பது கூடியது. பிள்ளைகள் தாமாகப் பேச்சுக்கு முன்வருவதும் கூடியது. மருத்துவமனைக்குப் போகாத நேரத்தில், வீட்டில், நம் கையால் நடப்பது வேலை செய்கிறது.

தெரபிஸ்டிடம் போகும்போது பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்காதீர்கள். உள்ளே இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். "இந்த வாரம் வீட்டில் என்ன செய்யட்டும்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பெற்றோரை உள்ளே விடவே மாட்டோம் என்று சொல்லும் மையத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

வீட்டில் தனியாக 'தெரபி நேரம்' ஒதுக்க முடியாத அம்மாக்கள்தான் அதிகம். பரவாயில்லை, அன்றாட வேலைக்குள்ளேயே இடம் இருக்கிறது. பிள்ளைக்குப் பிடித்த சீப்புச் சீடையை இறுக மூடிய கண்ணாடி டப்பாவில் போட்டு அவன் கண்ணில் படும்படி வையுங்கள். டப்பாவை எடுத்துக்கொண்டு உங்களிடம் வருவான். உடனே திறந்து கொடுத்துவிடாதீர்கள். அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, மனதுக்குள் பத்து எண்ணுங்கள். ஒரு பார்வை, ஒரு சத்தம், உங்கள் கையைப் பிடித்து மூடியில் வைப்பது, எது வந்தாலும் அவன் வாய்விட்டுக் கேட்டதாகவே எடுத்துக்கொண்டு, "திற" என்று ஒரே சொல்லைச் சொல்லித் திறந்து, ஒரே ஒரு சீடை கொடுங்கள். மறுபடி மூடுங்கள். பத்துச் சீடைக்குப் பத்து முறை அவன் உங்களோடு பேசியிருப்பான்.

இரண்டு சட்டையைக் காட்டி "நீலமா, சிவப்பா?" என்று கேளுங்கள். பணியாரம் ஊற்றும்போது "ஒண்ணு... ரெண்டு..." என்று நிறுத்தி அவனைப் பாருங்கள். பல்லாங்குழிப் பலகை இருந்தால் எடுங்கள். ஆட்ட விதிகள் எதுவும் வேண்டாம். ஒரு சோழி நீங்கள், ஒரு சோழி அவன். "என் முறை, உன் முறை" என்று மாறி மாறிப் போடுவதே பெரிய பாடம். சோழியை வாயில் போடும் பிள்ளை என்றால் பெரிய பொருளாக மாற்றிக்கொள்ளுங்கள். குளியல், சாப்பாடு, தூக்கம் ஒரே வரிசையில் நடக்கட்டும். அந்த வரிசையைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டினால் அடுத்து என்ன என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும். அடம் குறைவதற்கு இதைவிடச் சுலபமான வழியை நான் பார்த்ததில்லை.

கார்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருக்கிறானா? பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு காரை அடுக்குங்கள். அவன் விளையாட்டுக்குள் நாம் போன பிறகுதான் நம் விளையாட்டுக்கு அவன் வருவான்.

செல்போன் பார்த்ததால்தான் ஆட்டிசம் வந்ததா?

செல்போனால் ஆட்டிசம் வருவதில்லை. ஆனால் போனில் ஓடும் பாட்டு, பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தைத் தின்றுவிடுகிறது. இரண்டு வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். பெரிய பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது போனை எடுத்துவிடுங்கள். முதல் வாரம் கஷ்டமாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து அப்பா வீடியோவில் பேசுவதற்கு இது பொருந்தாது, அது நிஜமான மனிதரோடு உறவாடுவது.

ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி குழப்பும் என்கிறார்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் இரண்டு மொழி கற்கிறார்கள். இரு மொழியால் கெடுதல் என்று ஆய்வுகள் காட்டவில்லை. நீங்கள் கொஞ்சுவதும் அதட்டுவதும் கதை சொல்வதும் தமிழில் என்றால் தமிழிலேயே பேசுங்கள். ஐயாவும் ஆயாவும் பேசும் மொழி புரியாத பிள்ளை அந்த வீட்டிலேயே தனியாகிவிடும்.

படம் காட்டிக் கேட்கப் பழக்கினால் அப்புறம் பேசவே மாட்டானோ?

பயப்பட வேண்டாம். படங்கள் பேச்சைத் தடுப்பதில்லை, பல பிள்ளைகளுக்குப் பேச்சு வரவும் உதவுகின்றன. தண்ணீர்ச் செம்பு, கழிப்பறை, பஸ், ஊஞ்சல் என்று உங்கள் வீட்டுப் பொருளையே போட்டோ எடுத்து அட்டையில் ஒட்டுங்கள். வயிற்று வலியைச் சொல்லத் தெரியாமல் தலையைச் சுவரில் முட்டும் பிள்ளைக்கு, வயிற்றைத் தொட்டுக் காட்டும் ஒரு படம் பெரிய விடுதலை.

குணப்படுத்த மருந்து உண்டா? ஸ்டெம்செல் சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள்.

ஆட்டிசத்தை நீக்கும் மருந்து கிடையாது. வலிப்பு, தூக்கமின்மை, மிகுந்த பதற்றம் போன்று கூட வரும் சிக்கல்களுக்கு மருந்து உண்டு, அதை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

ஸ்டெம்செல் (மூல செல்களை ஊசியாகச் செலுத்துவது) பற்றி: ஆட்டிசத்துக்கு அது பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படிச் செய்வது மருத்துவரின் தொழில் ஒழுங்கு மீறல் என்றும் சொன்னது. நகையை விற்று அந்த ஊசிக்குக் கொடுக்காதீர்கள். உடலிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்று சொல்லும் சிகிச்சை உயிருக்கே ஆபத்து. கோதுமை, பால் இரண்டையும் நிறுத்தினால் ஆட்டிசம் சரியாகும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. ஏற்கெனவே நாலு பொருள் மட்டுமே சாப்பிடும் பிள்ளையிடமிருந்து பாலையும் பிடுங்கினால் சத்துக்குறைவு வரும்.

பேச்சு வர வசம்பு உரைத்து நாக்கில் தடவுவது நம் பக்கம் உண்டு. பேச்சுக்கு அது உதவும் என்பதற்கு ஆதாரம் இல்லை, பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். தேனை ஒரு வயதுக்குள் நாக்கில் வைக்கவே கூடாது. சாமிக்கு வேண்டிக்கொள்வதை நான் ஒருபோதும் தடுப்பதில்லை. வேண்டுதலும் நடக்கட்டும், பயிற்சியும் நடக்கட்டும்.

கோயிலுக்கும் விசேஷத்துக்கும் கூட்டிப்போக முடியவில்லை. மேளம் அடித்தால் அலறுகிறான்.

அவனுக்கு அந்தச் சத்தம் உண்மையிலேயே வலிக்கிறது, அடம் இல்லை அது. பிள்ளையார்பட்டிக்குச் சதுர்த்தி அன்று போகாமல் சாதாரண நாளில், நடை திறந்ததும் போங்கள். குன்றக்குடியில் காவடிக் கூட்டம் இல்லாத நாளில் மலை ஏறுங்கள். முதல் தடவை வாசல் வரை, அடுத்த தடவை பிரகாரம் வரை. காதை மூடும் ஹெட்போன் ஒன்று பையில் இருக்கட்டும். கல்யாண வீட்டில் சத்தம் குறைந்த ஒரு அறையை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தாலி கட்டும் நேரத்தில் மேளம் உச்சத்துக்குப் போகும்போது அவனை அங்கே கொண்டுபோய்விடலாம்.

மொட்டை, காது குத்து பற்றியும் கேட்கிறார்கள். நாலு பேர் பிடித்து அமுக்கி மொட்டை போட்ட பயம் ஆண்டுக்கணக்கில் போகாது. குலதெய்வம் ஒரு வருஷம் பொறுக்கும். அதுவரை வீட்டில் சீப்பு, அப்புறம் கத்தரிக்கோல் சத்தம், அப்புறம் ஒரு கொத்து முடி என்று பழக்கலாம்.

கண் மூடித் திறப்பதற்குள் வீட்டை விட்டு வெளியே ஓடிவிடுகிறான்.

இதைப் படிப்பவர்கள் மற்றதையெல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளமானவை. முகப்பில் உட்கார்ந்திருக்கும் ஐயாவுக்குப் பின்கட்டில் கதவு திறப்பது கேட்காது. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் உயிர். ஊருணியும் கண்மாயும் கிணறும் எந்த ஊரிலும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. இப்படி ஓடிப்போகும் பிள்ளைகளின் உயிரிழப்பில் தண்ணீரில் மூழ்குவதே முக்கியக் காரணம்.

இரண்டு வாசலுக்கும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள், கதவில் மணி கட்டுங்கள். வீட்டுக் கிணற்றுக்குக் கம்பி மூடி போடுங்கள். பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடாதீர்கள், ஊருணிக்கு ஓடுங்கள். பெயரும் போன் எண்ணும் உள்ள ஒரு பட்டையைக் கையிலோ இடுப்புக் கயிற்றிலோ கட்டுங்கள். தெருமுனைக் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்ட், பக்கத்து வீடுகள் எல்லாருக்கும் பிள்ளையை அறிமுகப்படுத்துங்கள். வீட்டுக்குள் மறைத்து வளர்க்கும் பிள்ளை வெளியே ஓடினால் அது யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல ஆள் இருக்காது. முடிந்தால் நீச்சலும் கற்றுக்கொடுங்கள்.

அடையாள அட்டை எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடுமே?

அட்டை உங்கள் பீரோவில்தான் இருக்கும், நெற்றியில் இல்லை. யாரிடம் காட்டுவது என்பது உங்கள் முடிவு. ஆனால் அது இல்லாமல் கீழே சொல்லும் உதவித்தொகையோ சலுகையோ கிடைக்காது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் அதில் உண்டு. யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இ-சேவை மையத்திலேயே பதிவு செய்யலாம். ஆதார், போட்டோ, இதுவரை பார்த்த மருத்துவச் சீட்டுகள் வேண்டும். பிறகு மருத்துவக் குழு பிள்ளையைப் பார்த்துச் சதவீதம் போடும். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் தேவை. ஆட்டிசத்துக்கு 'ஐசா' என்ற இந்திய அளவுகோலில் 40 கேள்விகள் கேட்பார்கள். அன்று பிள்ளை சமர்த்தாக இருந்தான் என்று உள்ளதை மறைத்துப் பெருமையாகப் பதில் சொல்லாதீர்கள். கஷ்டமான நாளில் எப்படி இருக்கிறான் என்பதையும் சொல்லுங்கள். வீட்டில் எடுத்த இரண்டு மூன்று வீடியோ போனில் இருக்கட்டும். சிறு பிள்ளைகளுக்குக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் சான்று கொடுப்பார்கள், காலாவதித் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

என்னென்ன உதவி கிடைக்கும்?

அறிவுசார் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. விண்ணப்பத்தை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். இழுத்தடித்தால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுங்கள், ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள். 'விழுதுகள்' என்ற பெயரில் தெரபியும் ஆலோசனையும் ஒரே இடத்தில் தரும் மையங்களை அரசு படிப்படியாகத் திறந்துவருகிறது. உங்களுக்குப் பக்கத்தில் எது என்று அதே அலுவலகத்தில் கேளுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று 'நிராமயா' காப்பீடு. ஒன்றிய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்துவது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. தெரபி செலவுக்கும் அதில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். கட்டணம் சில நூறு ரூபாய்தான். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், தெரபி பில்களைத் தூக்கிப் போடக் கூடாது.

அரசுச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை. வருமான வரி கட்டுபவர்கள் பழைய வரி முறையில் (1961 சட்டத்தில் இது 80-டிடி பிரிவு) 75,000 ரூபாய், 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம். ஆட்டிசத்துக்கு அதற்கெனத் தனிப் படிவம் உண்டு. இந்தக் கழிவு இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் அப்பாவின் பெயரில் கேட்க முடியாது.

பள்ளியில் "எங்களால் பார்த்துக்கொள்ள முடியாது" என்கிறார்கள்.

அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற எந்தப் பள்ளியும் குறைபாட்டைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், பல இடங்களில் அந்த ஒரு கேள்விக்கே பேச்சு மாறும். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையம் இருக்கிறது. அங்குள்ள சிறப்புப் பயிற்றுநர் பள்ளிக்கு வந்து உதவுவார். பள்ளிக்கே வர முடியாத பிள்ளைக்கு வீட்டுவழிக் கல்வி உண்டு. பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு எல்லாம் கேட்கலாம். அதற்குப் பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காமல் ஒன்பதாம் வகுப்பிலேயே காகிதங்களைத் தயார் செய்யுங்கள்.

என் அனுபவத்தில், பெயர்பெற்ற பெரிய பள்ளியைவிட நாற்பது ஐம்பது பிள்ளைகள் படிக்கும் ஊர்ப் பள்ளி பல சமயம் நன்றாக அமைகிறது. ஆசிரியருக்கு எல்லாப் பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும், சத்தமும் குறைவு.

இவனைப் பற்றித் தெரிந்தால் அக்காளுக்குச் சம்பந்தம் அமையுமா?

இந்தப் பயம் நிஜம், இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று நான் தள்ளமாட்டேன். ஆனால் மறைத்துச் செய்த கல்யாணத்தில் அந்தப் பெண் வாழ்நாள் முழுக்கத் தம்பியை மறைக்க வேண்டியிருக்கும். முதலிலேயே சொல்லி, வந்து பார்த்து, அவனோடு உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுச் சம்மதிக்கும் குடும்பமே நல்ல சம்பந்தம். அக்காளிடமும் பேசுங்கள். "எங்களுக்கு அப்புறம் நீதான்" என்று பத்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள். அவளுக்கென்று மட்டும் வாரத்தில் கொஞ்ச நேரம் கொடுங்கள்.

அப்பா வெளிநாட்டில். நான் ஒருத்தியாக எல்லாம் பார்க்கிறேன். முடியவில்லை.

தூக்கம் வரவில்லை, அழுகை நிற்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் அது உங்களுக்கும் சிகிச்சை தேவை என்று அர்த்தம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் தமிழிலேயே, இரவிலும் பேசலாம்.

தூரத்தில் இருக்கும் அப்பாவால் செய்யக்கூடிய வேலை நிறைய உண்டு. விண்ணப்பம், புதுப்பித்தல் தேதி, பில் கணக்கு, மருத்துவமனைக்குப் போன் செய்து நாள் கேட்பது எல்லாவற்றையும் அவரிடம் ஒப்படையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் வீடியோவில் வந்து ஒரே பாட்டைப் பாடட்டும். வீட்டில் இருக்கும் அப்பத்தாவுக்கும் ஒரு வேலை கொடுங்கள். குறை சொல்வதாகத் தோன்றும் பெரியவர்கள் பலர், சீடை டப்பாப் பயிற்சியைச் செய்து காட்டியதும் நம்மைவிடப் பொறுமையாகச் செய்கிறார்கள். தெரபி வாசலில் சந்திக்கும் மற்ற அம்மாக்களின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பஸ் நேரம் முதல் மருத்துவக் குழு உட்காரும் நாள் வரை எனக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் காலத்துக்கு அப்புறம்?

18 வயதானதும் சட்டப்படி அவன் பெரியவன், பெற்றோரும் தானாகக் காப்பாளர் ஆகமாட்டார்கள். வங்கியிலும் பத்திரப் பதிவிலும் அப்போதுதான் சிக்கல் தெரியவரும். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழுவிடம் சட்டக் காப்பாளர் நியமனம் கேட்கலாம். பெற்றோரே விண்ணப்பிக்கலாம், வக்கீல் கட்டாயம் இல்லை.

பெரிய வீட்டில் பத்துப் பங்காளிகளுக்குப் பங்கு இருக்கும் குடும்பங்கள் இங்கே அதிகம். பிள்ளையின் பங்கு எது, அதன் வருமானம் யார் கைக்குப் போகும் என்பதை நீங்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள், வாய்ச்சொல்லாக விடாதீர்கள். அரசு ஊழியராக இருந்தால், சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் வாழ்நாள் முழுக்கக் கிடைக்க வழி இருக்கிறது. அதற்கு அவன் பெயரும் சான்றும் பணிப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். ஓய்வு பெறும் முன் அதைச் சரிபார்த்துவிடுங்கள்.